ஏழாம் எண் பெண்மணி

சமூகவியலில் முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருடம் மல்லுக்கட்டியவளுக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்திக்கொண்டு அப்பா ஒரு பட்டம் கொடுத்துவிட்டார்: டாக்டரம்மா. மனிதருக்குப் பொறுமை என்பதே கிடையாது.

அண்ணன் தம்பி வீட்டோடு தங்கிவிட்ட கல்யாணமாகாத பெண்களைப் பற்றிய ஆய்வு. இருபத்திரண்டு பேரிடம் பேட்டி எடுத்தாள். அதில் ஏழாவது ஆள் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை. அம்மா இறந்ததிலிருந்து இந்த வீட்டை நடத்துகிறவள். சொந்தக்காரரையா பேட்டி எடுப்பது என்று முகம் சுளித்த பேராசிரியர், அத்தை பேசியதைப் படித்ததும் கப்சிப்.

அத்தை அப்படிக் கொட்டித் தீர்த்திருந்தாள். கடைசியில்தான் பயம் வந்தது. "அண்ணனுக்குத் தெரிஞ்சா நான் எந்த மூஞ்சியோட இந்த வீட்ல இருக்கறது?" என்று கேட்டாள். கேட்டவள், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் போட்டாள்.

"உங்களை யாரும் கண்டுபிடிக்க முடியாது அத்தை. அது என் பொறுப்பு" என்றாள் டாக்டரம்மா.

சொன்னபடியே செய்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அத்தையை நூலகத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். வயதில் ஆறைக் குறைத்தாள். போக்குவரத்து அலுவலக அப்பாவைப் பள்ளிக்கூட வாத்தியாராக்கினாள். பேச்சில் மட்டும் கைவைக்கவில்லை. பேட்டி கொடுத்தவர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றக்கூடாது என்பதில் அவள் பேராசிரியர் ரொம்பக் கறார்.

பைண்டிங் முடிந்து வந்த ஆய்வேட்டை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கையில் எடுத்ததும், டாக்டரம்மா பக்கத்தில் ஓடி வந்தாள்.

"போரடிக்கும்பா, வெச்சிடுங்க."

"என் மக எழுதினது எனக்குப் போரடிக்குமா?"

போரடித்தது. முதல் மூன்று அத்தியாயத்தைக் கொட்டாவியோடு புரட்டித் தள்ளினார். நாலாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தக் கொடுமையைக் கேளு" என்று, போயும் போயும், எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த அத்தைக்கே உரக்கப் படித்துக் காட்டினார்.

"'என் ரூமுன்னுதான் பேரு. ஓடாத ஃபேன், பிஞ்ச சூட்கேஸ், புத்தகப் பெட்டி எல்லாம் என் கட்டிலுக்கு அடியிலதான். வேணும்னா கதவைத் தட்டாமலே வந்து எடுப்பாங்க. இத்தனை வருஷத்துல டிவி ரிமோட் ஒரு நாள் என் கைக்கு வந்ததில்ல. அண்ணன் கெட்டவர் இல்ல. உனக்கு என்ன வேணும்னு கேட்கத் தோணல, அவ்வளவுதான்.'"

அத்தையின் கை துண்டின்மேல் அப்படியே நின்றது. அந்த ஃபேனும் சூட்கேஸும் பத்தடி தள்ளி, அடுத்த அறையில்தான் இருந்தன. புத்தகப் பெட்டி டாக்டரம்மாவுடையது. செத்தோம் என்று நினைத்தாள் மகள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன மனுஷன் இவன்! கூடப் பொறந்தவளை இப்படியா வெச்சிருப்பான்? இதுல வாத்தியார் வேற! நீயே சொல்லும்மா, நம்ம வீட்ல இப்படி நடக்குமா?" ரிமோட்டால் சோபாவில் ஓங்கித் தட்டினார்.

"நடக்காதுண்ணா" என்றாள் அத்தை.

அவருக்குத் திருப்தி. செய்தி சேனலின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

சமையலறைக்குள் போனதும் டாக்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின்னாலேயே துணிகளோடு வந்த அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பிச்சோம் அத்தை! அப்பா கண்டுபிடிக்கவே இல்ல!"

"ஆமா. நல்லாத்தான் மறைச்சிருக்க."

அத்தையின் முகத்தில் நிம்மதியைத் தேடினாள். காணவில்லை.

"எங்க வேலை பார்க்கிறேன், என்ன வயசுன்னு நீ எதை மாத்தினாலும், என் பேச்சைப் படிச்சா அண்ணனுக்குத் தெரிஞ்சிடும்னு நெனச்சேன்" என்றாள் அத்தை. "பயமாத்தான் இருந்துது. இருந்தாலும் அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அத்தை அண்ணனின் சட்டைகளை மட்டும் தனியாக அடுக்கி எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். உள்ளே யாரும் இல்லை, அண்ணன் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள்.