உரசல்

தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அணைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வந்த வேகத்தில் அது வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் இறங்கி, பின்சக்கரம் பாதி புதைந்து நின்றது. டிரைவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், பிடரியைச் சொறிந்தார், கூடியிருந்தவர்களிடம் கேட்டார்.

"பக்கத்துல யார்கிட்டயாவது ட்ராக்டர் இருக்கா? கட்டி இழுக்கணும்."

ஒருவர் கையை நீட்டி, புகைந்துகொண்டிருந்த இரும்பைக் காட்டினார். "இருந்துச்சு."

இரண்டு பேர் சிரித்தார்கள். வரப்பில் உட்கார்ந்திருந்த பைப்பைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள்.

பைப்பு என்பது ஆளின் பட்டப்பெயர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ட்ராக்டருக்குப் பின்னால் சுழன்று மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ட்ராக்டரை விற்றுவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். அது இல்லாதவன் வண்டியை வைத்துக்கொண்டு என்ன, படம் எடுத்து மாட்டவா? ஊர்ப் பட்டறை வெல்டர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. கிளட்ச் பெடலில் ஒரு தண்ணீர்க் குழாயைப் பற்றவைத்து, ஸ்டியரிங் உயரத்துக்கு வளைத்துக் கொடுத்தார். கையால் தள்ளினால் கிளட்ச். குழாய் வைத்த அன்று மத்தியானமே இவர் வெல்டர் வீட்டுக் கொல்லையை உழுது கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். அதிலிருந்து எல்லோருக்கும் அவர் பைப்பு. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஏறி உட்கார்ந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஏறுவதும் இறங்குவதும்தான் பெரும்பாடு. அதனால் கலப்பை மாட்டுவது, ட்ரெய்லர் கொக்கிக்கு ஆணி போடுவது எல்லாம் மச்சினன் வேலை. மனைவியின் ஒரே தம்பி. காலையில் தன்னுடைய குட்டி லாரியில் காய்கறி லோடு அடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் மாமாவோடு வந்துவிடுவான். பைப்பு திரும்பிப் பார்க்காமலே வண்டியைப் பின்னால் விடுவார். துளைக்கு நேர் துளை வந்ததும் மச்சினன் மட்கார்டில் இரண்டு தட்டுத் தட்டுவான். அதற்கு மேல் வேலையில் அவர்களுக்குப் பேச்சு தேவைப்பட்டதில்லை.

அன்று வைக்கோல் ஏற்றினார்கள். ட்ரெய்லர் ஆள் உயரத்துக்கு மேல் நிறைந்துவிட்டது. வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் பண்ணும் என்பதால் எஞ்சினை நிறுத்தவில்லை. நின்ற இடத்திலேயே அது அதிர்ந்துகொண்டிருந்தது. கூலியாட்கள் தண்ணீர் குடிக்க மோட்டார் அறைப் பக்கம் போனார்கள். பைப்பு வரப்பில் உட்கார்ந்து செயற்கைக் காலின் வாரைத் தளர்த்தினார். மச்சினன் ட்ரெய்லருக்குப் பின்னால் நின்று ஒரு சிகரெட்டை முடித்து, துண்டைச் செருப்பால் தேய்த்துவிட்டு நடந்து வந்தான்.

முதல் புகையைப் பைப்பு மட்டும்தான் பார்த்தார். அது ட்ரெய்லரிலிருந்து வரவில்லை. சீட்டுக்கு இடது பக்கம், குழாய் கீழே இறங்கும் இடத்திலிருந்து வந்தது. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. வாரைக் கட்டிக்கொண்டு எழுவதற்குள் காற்று திரும்பி வைக்கோலில் பிடித்தது. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது முன்னும் பின்னும் ஒரே நெருப்பு.

"சிகரெட்டு," என்றான் மச்சினன். சத்தமாகக்கூட இல்லை. பிறகு ஓடினான். ஆணியைப் பிடுங்கி ட்ரெய்லரைக் கழற்றிவிடப் பார்த்து, இரண்டு கைகளையும் பொசுக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

விஷயம் இதுதான். குழாய் முன்னே போகும்போதெல்லாம் பேட்டரி வயரை உரசும். பத்து நாளுக்கு முன்பு பைப்பு குனிந்து பார்த்தபோது வயரின் மேல்தோல் போய், செம்புக் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. புது வயர் போட வண்டியை அரைநாள் நிறுத்த வேண்டும். அறுவடை மும்முரம், நாலு வயல்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். தோளில் கிடந்த டீசல் துடைக்கிற துணியைக் கிழித்து வயரில் நாலு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பத்து நாளும் அதையே நினைத்தார்.

தீயணைப்பு அதிகாரி காரணம் கேட்டபோது மச்சினன் தானாக முன்னால் போய் நின்றான். "நான்தான் சார். சிகரெட்." அதிகாரி எழுதிக்கொண்டார். பைப்பு பொய் ஒன்றும் சொல்லவில்லைதான். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

வீட்டில் மனைவி தம்பியைக் காய்ச்சி எடுத்தாள்.

"நீ வாயில பத்தவச்சது எங்க வயித்துல எரியுதுடா."

"திட்டுக்கா," என்றான் அவன். கை இரண்டும் கட்டுப் போட்டு, பந்து மாதிரி மடியில் கிடந்தன. "நல்லா திட்டு."

"போதும் விடு," என்றார் பைப்பு. "வேணும்னா பண்ணான்?"

மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த நன்றியைத் தாங்க முடியாமல் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேறொருவனாக இருந்தால் மச்சினனை வாசல் ஏற விட்டிருக்க மாட்டான், பைப்புக்குப் பெரிய மனசு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கேட்கக் கேட்க அவருக்குச் சோறு இறங்காமல் போனது. பகலெல்லாம் வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். தெருவில் யார் வண்டி போனாலும், கண்ணை மூடிக்கொண்டு, எந்த கியரில் போகிறது என்று காதால் பார்ப்பார். இடது கை தானாக முன்னே தள்ளும். அங்கே ஒன்றும் இருக்காது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் எழுவார். சொன்னால் மனைவி முகத்தில் விழிப்பது எப்படி என்று ஒவ்வொரு இரவும் படுப்பார். வயரில் துணி சுற்றியதும் இந்த லட்சணத்தில்தான்.

நாற்பதாம் நாள் காலையில் வாசலில் ஒரு ட்ராக்டர் வந்து நின்றது. பழையதுதான், ஆனால் ஓட்டம் குறைவு. அதே கம்பெனி, அதே உடம்பு, பெயிண்ட் மட்டும் வேறு. மேலே மச்சினன்.

"வாங்க மாமா, வந்து ஏறிப் பாருங்க."

"ஏது இது?" என்றாள் மனைவி. பிறகு தெருவின் இரண்டு முனையையும் பார்த்தாள். "டேய், லாரி எங்கடா?"

"மாத்திட்டேன்க்கா. லாரியக் குடுத்து இத வாங்கிட்டேன்."

"உன் பொழப்பு?"

"மாமா ஓட்டட்டும், நான் பின்னாடி நிக்கிறேன். ரெண்டு வீட்டுக்கு ஒரு வண்டி போதாதா? சிகரெட்டையும் விட்டாச்சு, நாப்பது நாளு."

"பெரிய தியாகி," என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பைப்பு வாசற்படியை விட்டு எழவில்லை. நேற்றுச் சொல்லியிருந்தால் அந்த லாரி இன்று காய்கறி மண்டி வாசலில் நின்றிருக்கும். நேற்று என்ன, ஒரு மணி நேரம் முன்பு சொல்லியிருந்தால்கூட.

வண்டியை மச்சினனே வெல்டர் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனான். பைப்பு மட்கார்டில் உட்கார்ந்து போனார், பெண் பார்க்கப் போகிற வீட்டுக்கு அழையாமல் போகிறவர் மாதிரி. எரிந்த வண்டியைக் காயலான் கடைக்காரர் ஏற்றிப்போன அன்று, வெல்டர் அந்தக் குழாயை மட்டும் அறுத்து எடுத்து வைத்திருந்தார். கறுத்துப் போயிருந்தது, வளையவில்லை.

"மாமா, டீ வாங்கிட்டு வரேன்," என்று மச்சினன் எதிர்க்கடைக்குப் போனான்.

வெல்டர் குழாயைக் குறட்டில் இறுக்கிக் கம்பி பிரஷ்ஷால் கரியைத் தேய்த்தார். கீழ்ப்பாகம் வந்ததும் கை நின்றது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கிட்டப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் தடவினார். ஒரு பட்டாணி அளவுக்குக் குழி. ஓரமெல்லாம் உருகித் திரண்டு, துளித் துளியாக நின்றது.

"இது நெருப்புல ஆனது இல்ல," என்றார். "வைக்கோல் தீயில குழாய் இப்படி உருகாது. முப்பது வருஷமா வெல்டிங் ராடு பிடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? இது கரண்டு கடிச்ச இடம்."

பைப்பு எதிர்க்கடையைப் பார்த்தார். மச்சினன் கடைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நாற்பது நாளில் அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறார்.

வெல்டரும் திரும்பி அங்கே பார்த்தார். பிறகு கிரைண்டரைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு இழுப்பு இழுத்தா மட்டமாயிடும். நான் எதையும் பாக்கல. என்ன சொல்றீங்க?"

கிரைண்டர் சுழல ஆரம்பித்தது. மச்சினன் மூன்று கிளாஸ்களை, இன்னும் தோல் முழுதாக வராத விரல்களில் கோத்துக்கொண்டு, சூடு தாளாமல் வேகமாக ரோட்டைத் தாண்டி வந்தான்.

"தேய்க்காதீங்க," என்றார் பைப்பு.

கிரைண்டர் நின்றது. அந்த அமைதியில் மச்சினன் கிளாஸ்களைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளங்கையை ஊதினான். "என்ன மாமா?"

பைப்பு சொன்னார். வயர், துணி, பத்து நாள், முதல் புகை, இப்போது வெல்டர் கண்ட குழி. சொல்வதற்கு இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மச்சினன் குழாயின் அருகே போய்க் குனிந்து அந்தக் குழியைப் பார்த்தான். விரலை வைத்தும் பார்த்தான்.

"எனக்காகச் சொல்லல, நீங்க," என்றான் மெதுவாக. "இவர் கண்டுபிடிச்சிட்டாரு. அதான்."

அது உண்மையா இல்லையா என்று பைப்புக்கே தெரியவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம். இத்தன நாள் என்னத் திட்டினா, பழகிடுச்சு. உங்களத் திட்ட ஆரம்பிச்சா அவ எங்க போவா?"

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். ரோட்டைத் தாண்டிப் போனான். கடையில் ஒரு சிகரெட் வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று முழுதாகக் குடித்தான். துண்டைக் கீழே போட்டு வெகுநேரம் தேய்த்தான். பிறகு பஸ் நிற்கும் பக்கமாக நடந்துவிட்டான்.

"பத்தவைக்கவா, வேணாமா?" என்று கேட்டார் வெல்டர்.

"வைங்க. வயருக்கு அந்தப் பக்கமா வளைச்சு வைங்க."

சாயங்காலம் பைப்பு தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வண்டி சொன்னபடி கேட்டது. முன்னதைவிட நல்ல வண்டி, அதில் சந்தேகமில்லை. கொட்டகை ஓரம் கிடந்த கலப்பைக்கு நேராக, திரும்பிப் பார்க்காமல், பின்னால் விட்டார். துளைக்கு நேர் துளை வந்து நின்றது. அவருக்குத் தெரியும், நின்றுவிட்டது. ஆனாலும் இடது கையால் குழாயை முன்னே தள்ளிப் பிடித்தபடி, காதைப் பின்னால் கொடுத்துக் காத்திருந்தார்.

"தம்பி வரலியா?" என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

கை வலிக்கும்வரை பிடித்திருந்துவிட்டு, எஞ்சினை நிறுத்தினார்.