கன்னியப்பனை எடுத்த வாசல்

காட்டுப்பாக்கத்தில் வயல்கள் மனைகளாகத் தொடங்கிய எண்பத்து நான்கில், அந்தத் தெருவில் முதல் வீட்டைக் கட்டியவர் கஜபதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. மேஸ்திரி சொன்னபடி மண்சாலையைவிட மூன்று படி உயர்த்தித்தான் கட்டினார். மழைத் தண்ணீர் தெருக்கோடிக் கால்வாயில் இறங்கி ஏரிக்குப் போய்விடும்.

பத்து வருடத்தில் சுற்றிலும் வீடுகள். கால்வாய் மேலேயும் வீடுகள். சாலை போட வந்தவர்கள் பழையதைத் தோண்டாமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டினார்கள். படிகள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் வாசலே பள்ளத்துக்குள் போனது. பக்கத்து மனையில் உலகநாதன் லாரி லாரியாக மண்ணடித்து மேட்டில் வீடு கட்டினார்.

"உங்க தண்ணி பூரா எங்க ஊட்டுக்குள்ளதான வரும்?" என்று கஜபதியின் மனைவி வசந்தகுமாரி சண்டைக்குப் போனாள்.

"இன்னா பண்ணச் சொல்றம்மா? ரோடு அவ்ளோ ஒசரம் கீது. நான் ஏத்தலன்னா என் ஊடு முழுகிப்பூடும்."

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

தொண்ணூற்றாறு ஜூனில் மழை விடாமல் பெய்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில், நெடுநாள் படுக்கையாகக் கிடந்த கஜபதியின் அப்பா கன்னியப்பன் விடியற்காலையில் இறந்துபோனார். உடலைக் கிடத்தத் தரையில்லை.

தண்ணீரை இறைக்க மோட்டார் கேட்டு கஜபதி பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினார்.

"ஊரே முழுகிக் கீது. மோட்டாருக்கு நாங்க எங்க போறது?" என்றார்கள்.

திரும்பி வந்தபோது உலகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார். "பெரியவர எங்க வராண்டாவுல வெச்சிக்கலாம், கஜபதி."

"அவரு ஊட்டு வாசல்லேர்ந்துதான எடுக்கணும்?" வசந்தகுமாரி அழுதாள்.

"வாசல் எங்கம்மே கீது?" என்றார் கஜபதி.

ஆண்கள் இருவரும் உடலைத் தூக்கிப் போனார்கள். உலகநாதனின் மனைவி தலைமாட்டில் விளக்கேற்றினாள். பிறகு வசந்தகுமாரியின் கையில் ஒரு டம்ளர் காபியைத் திணித்தாள். திட்டவும் முடியாமல், நன்றி சொல்லவும் வாய் வராமல் வசந்தகுமாரி அதைக் குடித்தாள்.

மழை விட்டதும் வீட்டை விற்கப் பார்த்தார்கள். வாங்க வந்தவர்கள் சாலையிலேயே நின்று, கீழே குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை.