தண்ணீர் காட்டாத ஏழு நாள்

வாப்பா மௌத்தாகி இருபதாவது நாள், நான் பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு செடி வாங்கினேன்.

உம்மா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது. எங்கள் மேலப்பாளையம் வீட்டில் அவள் ஒதுங்கியது உள்ளறையில். ஒரே சன்னல், அதற்கும் திரை. அவளுடைய பேச்சும் சாப்பாடும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. உயிருள்ள ஏதாவது ஒன்று அவளோடு அந்த அறையில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நர்சரிக்காரர் இசக்கி அண்ணாச்சி என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்.

"வெயில் வருமா?"

"வராது அண்ணாச்சி."

"தண்ணி யாரு ஊத்துவா?"

"உம்மா. அவங்களுக்கு இப்ப எதுலயும் மனசு இல்ல."

"அப்ப இதக் கொண்டு போங்க. பாம்புச்செடி. பயப்படாதிய, கொத்தாது."

வாள் போல நிமிர்ந்த இலைகள். ஓரத்தில் மஞ்சள், நடுவில் பாம்புத்தோல் வரி. இருப்பதிலேயே உயரமான ஒன்றை எடுத்தேன். அவர் அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டார்.

"வளத்தியப் பாக்காதிய. அடியப் பிடிச்சுப் பாருங்க. கெட்டியா நிக்கணும், மெத்துனு இருக்கக்கூடாது."

சிறியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியில், பாதிக்குப் பாதி மணல் கலந்து வைத்துக் கொடுத்தார். "ஊத்தறதுக்கு முன்ன விரலை உள்ள விடுங்க. ஈரம் தட்டுச்சுன்னா பேசாம வந்துருங்க. மாசத்துக்கு ரெண்டு தடவை போதும். இது தாகத்துல சாவாது தங்கச்சி. தண்ணியிலதான் சாவும்."

உம்மா செடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பூக்குமா?"

"அபூர்வமா."

"மணம் உண்டா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குட்டி வாங்குன?" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய அதிகமான பேச்சு அதுதான். அண்ணாச்சி சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் அறையைப் பெருக்கும்போது புளித்த வாடை அடித்தது. இலைகளின் அடிப்பாகம் மஞ்சளாகியிருந்தது. தொட்டேன்; அழுகிய வாழைப்பழம் போல விரல் உள்ளே போனது. தொட்டி மண் நாற்று நட்ட வயல் மாதிரி கிடந்தது.

அன்றைக்கு அஸர் தொழுகை நேரத்தில் காரணம் தெரிந்தது. முழங்கால் வலியால் உம்மா அறையிலேயே ஒரு பேசினை வைத்துக்கொண்டு தொழுகைக்கு முன் ஒளு செய்வாள். முகமும் கையும் காலும் கழுவிய அந்தத் தண்ணீரைச் சிந்தாமல் தூக்கி, தொட்டியில் ஊற்றினாள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை.

"உம்மா! எத்தன தடவ சொன்னேன், ஊத்தாதியன்னு! செடியக் கொன்னுட்டிய!"

பேசினைக் கீழே வைத்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஒருத்தருக்கு இல்லன்னு சொன்னது போதாதா? இதுக்கும் சொல்லணுமா?"

வாப்பாவின் இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருந்தன. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் ஒரு மடக்குகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த லிட்டரை அளந்து கொடுத்தவள் உம்மா. இது எனக்குத் தெரியும். தெரியாததை இப்போது சொன்னாள்.

"கடேசி நாள் அந்தியில, மக்ரிபுக்குப் பொறவு கேட்டாக. அரை டம்ளர். 'நாளைக்கு டயாலிசிஸ் முடியட்டும், தாரேன்'னேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாக. விடியக்காலம் சுபுஹுக்கு எழுப்பப் போறேன், ஆளு இல்ல."

நான் இசக்கி அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அழுகியதை எல்லாம் நறுக்கி எறியச் சொன்னார். நல்ல இலை ஏதாவது மிச்சமிருந்தால் வெட்டிய இடம் காய வேண்டும். ஒரு வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. இரண்டு இலைகள் தேறின. அவற்றை என் அறைக்கு எடுத்துப்போகத் திரும்பினேன். ஒளித்து வைத்துவிடலாம் என்பதுதான் என் யோசனை.

"கொண்டு போகாதட்டி," என்றாள் உம்மா. "இங்கனயே இருக்கட்டும். என் கண்ணு முன்னால."

இலைகளைச் சன்னல் கட்டையில் கிடத்தினேன். உம்மா அவற்றுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். தொழுகை முடிந்ததும் பேசினை என்னிடம் நீட்டினாள். நான் கொல்லையில் கொட்டினேன். நாலாம் நாள் இலைகளில் சுருக்கம் விழுந்தது. உம்மா விரலால் அதைத் தடவினாள். "கேக்குது பாரு," என்றாள். அவளுடைய கை பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பு வரைக்கும் போய், அங்கேயே கொஞ்ச நேரம் இருந்து, திரும்பி வந்தது.

எட்டாம் நாள் வெட்டிய இடம் தோல் போலக் காய்ந்திருந்தது. புது மணல் கலந்த மண்ணை நான் நிரப்ப, உம்மா இரண்டு இலைகளையும் நட்டாள். சுற்றிலும் மண்ணை மெதுவாக அழுத்தினாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"உங்க வாப்பா எம்மேல கோவமாத்தான் போயிருப்பாகளோ?"

வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தேற்றியிருந்தார்கள். நானும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"கோவமாத்தான் இருந்திருப்பாங்க உம்மா. தாகமா இருந்தா கோவம் வரத்தான செய்யும்."

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "வரத்தான செய்யும்."

பிறகு மண் அப்பிய கைகளை என் பக்கம் நீட்டினாள், கழுவிவிடச் சொல்லி.