டார்ச் பிடிக்கிறவள்

பதினோரு நாளாகத் தங்கை அண்ணனோடு பேசவில்லை. ஒரே பட்டறை, ஒரே ஸ்பானர் பெட்டி, ஒரே தண்ணீர்க் குடம். பேச்சு மட்டும் இல்லை. சொல்லவேண்டியதெல்லாம் அம்மா வழியாகப் போய் அம்மா வழியாக வந்தது. பட்டறை மூலையிலேயே அம்மா தையல் மெஷின் போட்டிருந்ததால் தூதுக்கு ஆள் தேடும் சிரமம் இல்லை.

சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். பல் டாக்டரம்மா தன் பழைய இரட்டை சிலிண்டர் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, "உங்க ரெண்டு பேர்ல யாரு டாக்டர், யாரு நர்ஸ்?" என்று சிரித்தபடி கேட்டார். அண்ணன் கூசாமல் சொன்னான். "நான்தான் மேடம் டாக்டர். இவ சும்மா டார்ச் பிடிக்கிறவ."

குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். மெக்கானிக்கல் படிப்பை ஒரு பேப்பர்கூட விடாமல் முடித்தவள். ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்ன வேலையை உதறிவிட்டு கிரீஸில் கை வைத்தவள். அவள் டார்ச் பிடிக்கிறவளாம்! அன்றைக்கு அவளுக்கு வந்த ரோஷத்துக்கு அந்த பைக் தானாகவே ஸ்டார்ட் ஆகியிருக்கவேண்டும். ஆகவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் இரண்டு முறை ட்யூன் செய்து அனுப்பினான். இரண்டு முறையும் வண்டி திரும்பி வந்தது. இன்றைக்கு நாலு மணிக்கு டாக்டரம்மா வருவார். இந்தத் தடவையும் சரியாகவில்லை என்றால் வேறு பட்டறை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பழைய வண்டிக்காரர்கள் ஒரு கூட்டம். ஒருத்தர் போனால் பின்னாலேயே பத்துப் பேர் போவார்கள்.

காலையிலேயே அவள் சிலிண்டருக்கு ஒன்றாக இருந்த இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி, பாகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தனித்தனித் தட்டில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மிதவையைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். உள்ளே பெட்ரோல் சத்தம் இல்லை, ஓட்டை இல்லை. பெட்ரோலை அடைக்கும் ஊசியின் முனை தேய்ந்து வளையம் விழுந்திருந்தது. புதுசு போட்டாள். பெட்ரோல் வரும் பொடித் துளையுள்ள ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்து வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்தாள். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்துகிறவர்களைக் கண்டால் கையைப் பின்னால் சேர்த்துக் கட்டவேண்டும் என்பது அவள் கட்சி.

அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏம்மா, இன்ஜினீயர் மேடம் கார்புரேட்டரத் துடைக்கிறாங்களா, வைரத்தோட்டத் துடைக்கிறாங்களான்னு கேளு."

அம்மா தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏய், நல்லாத் துடைக்கிறியாம்டி. அண்ணன் சொல்றான்."

"குத்திக் குத்தி ஜெட்டக் கெடுக்கிறவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுதுன்னு சொல்லும்மா."

"டேய், உன் அனுபவம் தனக்கு வராதுங்கறா."

இப்படி ஓடியது தூது.

மத்தியானம் இரண்டையும் மாட்டினார்கள். அண்ணன் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தான். அந்தக் காலில் ஒரு ராசி, அவளே ஒப்புக்கொள்வாள். பிறகு ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்து, இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று கேட்டான். இடதுக்கு இடது காது, வலதுக்கு வலது காது. ஸ்குரூவைத் திருகிவிட்டு, "முடிஞ்சுது" என்று அணைத்தான்.

முடியவில்லை. சத்தம் நொண்டுவது அவளுக்கு நன்றாகவே கேட்டது. கொஞ்ச நேரம் விட்டு பிளக்குகளைக் கழற்றினாள். இடது பிளக் நல்ல பழுப்பு. வலது பிளக் கரி. இடதுதான் மொத்த பாரத்தையும் இழுக்கிறது, வலது தூங்குகிறது. போன இரண்டு முறையும் இதே கதைதான்.

ஏதோ தோன்றி, அவன் பழைய பிளக்குகளைப் போட்டு வைக்கும் தகர டப்பாவைக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றிலும் வண்டியின் பெயரும் வருஷமும் எந்தப் பக்கம் என்பதும் அவன் கையெழுத்தில் இருந்தன. இரட்டை சிலிண்டர் வண்டிகளில் கரி பிடித்தது அத்தனையும் வலது. வண்டி வேறு, வருஷம் வேறு, பக்கம் மட்டும் ஒன்று.

அப்படியென்றால், இடது காதில் வைத்துக் கேட்கும் இடது கார்புரேட்டரின் சத்தம் அவனுக்குக் கம்மியாகக் கேட்கிறது. அதனால்தான் அதை மேலும் மேலும் திறந்துவிடுகிறான்.

அவள் மெதுவாக எழுந்து அவனுடைய இடது பக்கம் போய் நின்றாள்.

"மரமண்டை."

அவன் பாட்டுக்கு போல்ட் துடைத்தான். வலது பக்கம் போனாள். அதே குரல்.

"மரமண்டை."

"அம்மா! யாரச் சொல்றா இவ?"

அவள் பிளக்குகளைத் திரும்ப டப்பாவில் அள்ளிப் போட்டாள். பேச்சு இருந்த காலத்தில், கூப்பிட்டால் திரும்பாத திமிர் பிடித்தவன் என்று எத்தனை முறை வைதிருப்பாள்! எல்லாம் இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டதுதான்.

ஆனாலும் கோபம் கோபம்தான். கையில் நல்ல கல் ஒன்று கிடைத்திருக்கிறது. நாலு மணிக்கு டாக்டரம்மா எதிரில், "இவருக்குக் காது கேக்காது மேடம்" என்று எறிந்தால் போதும். டார்ச்சுக்குக் கணக்குத் தீர்ந்தது.

நாலுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே டாக்டரம்மா வந்துவிட்டார். அண்ணன் உதைத்தான். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்ன தம்பி, இன்னும் ஒரு பல்லு ஆடுதே?"

"அது... ஜெட்டுதான் மேடம்... வேற போடணும்..." அவன் நெற்றி வேர்த்தது. வலது காதை வண்டிப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்ன தப்பு என்று அவனுக்குத் தெரியும் போலிருந்தது. தெரிந்தும் சொல்ல முடியாது. காது கேட்காத மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள்?

அவள் வாயைத் திறந்தாள். எறிய வேண்டிய கல் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"அண்ணா."

பதினோரு நாளில் அவனை நேராகக் கூப்பிட்ட முதல் வார்த்தை. தையல் மெஷின் நின்றது.

"ட்யூப இங்க குடு. டேங்குக்கு அடியில ஒண்ணும் தெரியல, டார்ச் பிடி."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு டார்ச்சை எடுத்துப் பிடித்தான்.

அவள் இரண்டு பக்கத்தையும் ஒரே காதால் கேட்டாள். இடது புஸ்ஸென்று இரைந்தது, வலது முனகியது. இடது ஸ்குரூவை அரைச் சுற்று வெளியே விட்டு இழுப்பைக் குறைத்தாள். வலதைக் கால் சுற்று உள்ளே விட்டுக் கூட்டினாள். திரும்பக் கேட்டாள். இன்னும் ஒரு துளி. நொண்டி நடந்த இரண்டு கால்களும் சட்டென்று சேர்ந்து நடக்க ஆரம்பித்தன. பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருந்த வாஷர்கூட ஆடாமல் இருந்தது.

டாக்டரம்மா முகம் முழுக்கப் பல்லாகச் சிரித்தார். "அட! யாரு கை இது?"

"தங்கச்சி கை மேடம்" என்றான் அண்ணன். "நான் டார்ச் பிடிச்சேன்."

வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் அவர்கள் இருவரும், மூலையில் மெஷினோடு அம்மாவும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் வலது காதைக் கொடுத்துக் கேட்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றான்.

அவள் சுற்றிக்கொண்டு அவன் வலது பக்கம் வந்தாள். "மூணு மணிக்கு. நாளைக்குக் காலையில காது டாக்டர்கிட்டப் போறோம். மறுபேச்சு கிடையாது."

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

"எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்டா" என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி. "காதுன்னு சொல்லாம, சும்மா டாக்டர்கிட்டப் போகலாம்னு நானும் சொல்லித்தான் பாத்தேன். நீ காதுலயே வாங்கல. அப்புறம் மனசு ஆறாம திட்டறதெல்லாம் இடது பக்கமா நின்னு திட்டிட்டுப் போயிடுவேன். சண்டை வராது பாரு."

அண்ணன் தன் இடது காதைத் தடவிக்கொண்டான். பிறகு தங்கை பக்கம் திரும்பினான்.

"அப்ப அந்த மரமண்டை?"

"ரெண்டு தடவை சொன்னேன்" என்றாள் அவள்.