அண்ணன் பேரில் கொடுத்த நீர்

ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டிய வருஷம் அது. முக்கூடல் சத்திரத்தில் விடியும்போதே சிவசண்முகத்துக்கு அலுப்பாக இருந்தது. பக்கத்துப் பாயில் அண்ணன் அம்மையப்பன் வீங்கிய வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு கிடந்தான். விலாவுக்குக் கீழே இரு பக்கமும் கட்டி, சிறுநீரில் ரத்தம். அப்பாவும் பெரியப்பாவும் இதே வயிற்றோடுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த வைத்தியர்களுக்கு ஒரு பாழாய்ப்போன வழக்கம். நோயாளியின் விடியற்காலை நீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவார்கள். அது பைய விரிந்தால் மருந்து உண்டு. சல்லடைக் கண்ணாய் உடைந்துபோனால் அசாத்தியம் என்று கையை விரித்துவிடுவார்கள். சாகப்போகிறவனுக்கு மருந்து கொடுத்துப் பேரைக் கெடுத்துக்கொள்ள எவருக்குத்தான் மனசு வரும்? நாங்குநேரி வைத்தியர் அண்ணனின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அப்படித்தான் திருப்பி அனுப்பினார். இங்கே கருத்தையா வைத்தியரும் கைவிட்டால் வண்டியை ஊருக்குத் திருப்ப வேண்டியதுதான்.

அதனால் சிவசண்முகம் ஒரு காரியம் செய்தான். அண்ணனின் நீரை வேலியோரம் கொட்டிவிட்டு, கலயத்தைக் கழுவித் தன்னுடையதைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கென்ன, கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு! நல்ல குறிதான் விழும். மருந்து தருகிறேன் என்று வாயால் சொல்லிவிட்ட பிறகு அண்ணனைக் கொண்டுபோய் நிறுத்தினால் மாட்டேன் என்பாரா?

கருத்தையா நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, வெயில் படும்படி வைத்து, துரும்பால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். சொட்டு சற்று நேரம் அசையாமல் நின்றது. பிறகு ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் கண்ணாகக் கிழிந்தது.

“யாரு நீர்வே இது?”

“எங்க அண்ணனோடது. சத்திரத்துல படுத்த படுக்கையாக் கிடக்காரு.”

“அண்ணன் படுத்த படுக்கைன்னீரு. இது எந்திரிச்சு நடமாடுத ஆளோட நீரு. சீக்கு இப்பந்தான் உள்ள நுழையுது.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “துண்டை எடுத்துட்டு இங்கன படும்.”

“எனக்கு ஒண்ணுமில்லய்யா.”

“படும்வே.”

விலாவுக்குக் கீழே விரல்கள் அமுங்கின. வலப்பக்கம் ஓரிடத்தில் நின்றன. இடப்பக்கமும் நின்றன. சிவசண்முகத்துக்கு வலிக்கவில்லை. விரல்கள் எதில் தட்டி நிற்கின்றன என்பதுதான் புரிந்து தொலைத்தது.

“உம்ம வீட்டுல இன்னும் யார் யாருக்குவே?”

“அப்பா, பெரியப்பா. இப்ப அண்ணன்.”

“உமக்கு இன்னும் ரொம்ப நாள் கிடக்கு. உப்பைக் குறையும், மருந்து தாரேன். நீரை மாத்திக் கொண்டாந்தீருன்னா அண்ணன் நிலைமை எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு என்கிட்ட மருந்து இல்லவே.”

ஒரே ஒரு பொட்டலத்தை மடித்துக் கையில் கொடுத்தார்.

சத்திரத்துக்குத் திரும்பியபோது அண்ணன் தலையைத் தூக்கினான். “என்னலே சொன்னாரு? குறி பாத்தாரா?”

“பாத்தாரு அண்ணே. இன்னும் ரொம்ப நாள் கிடக்குன்னாரு. உப்பைக் குறைக்கணுமாம். மருந்து தந்திருக்காரு.”

அம்மையப்பனின் முகம் எத்தனையோ நாளைக்குப் பிறகு தெளிந்தது. “அப்பாடா” என்று தலையைச் சாய்த்தான். “எப்படியோ, நம்ம வீட்டுப் பீடை என்னோட போகட்டும்லே. உனக்கு வராம இருக்கே, அது போதும்.”

சிவசண்முகம் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தான். பொடி முழுவதையும் தேனில் குழைத்தான்.

“வாயைத் தெறங்க அண்ணே” என்றான்.