வலப்பக்கத்துப் பெயர்

காலை ஒன்பது பத்துக்கு ஊதா நிறத் தீயணைப்பு வண்டி பேருந்து நிலையத்தின் முன் வந்து நின்றது. பதினெட்டு வருடம் தீக்குப் போய் ஓய்வு கொடுக்கப்பட்ட வண்டி. சிவப்பின் மேல் ஊதா அடித்திருந்தார்கள். கதவு இடுக்குகளில் இன்னும் சிவப்பு தெரிந்தது.

பத்து நாள் பயணம். நாளுக்கு ஓர் இடம். ஒரே நிலையத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் சொந்த விடுப்பில் வந்திருந்தார்கள். புற்றுநோய் வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் வண்டியின் மேல் வெள்ளைப் பேனாவால் பெயர் எழுதுவார்கள். இறந்தவர்களின் பெயர் இடப்பக்கம். சிகிச்சையில் இருப்பவர்கள், முடித்தவர்கள் பெயர் வலப்பக்கம். இடப்பக்கத்தில் முதல் பெயர் நிலைய அதிகாரியின் மனைவியுடையது. அதிகாரியே எழுதியது. எழுத்து கோணலாக இருந்தது.

சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்குத் துணையாக முந்தின நாள் சாயங்காலம் எட்டுப் பேரும் மொட்டை போட்டுக்கொண்டார்கள். ஏழு பேர் ஆண்கள். எட்டாவது ஆள், கட்டுப்பாட்டு அறையில் அவசர அழைப்புகளை எடுப்பவள். நிலையத்தில் அவளுக்கு கன்ட்ரோல் என்று பெயர். அவளை யாரும் மொட்டை போடச் சொல்லவில்லை. நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டாள்.

"முடி போனது சரி. புருவம் எப்பப் போச்சு?" என்றான் ஏணி. எல்லோரையும்விட அரையடி உயரமானவன்.

"பொறக்கும்போதே. நீ இப்பதான் கீழ குனிஞ்சு பாக்குற."

பதினோரு வருட ஷிப்ட் வேலையில் அவள் கண்கள் குழி விழுந்திருந்தன. கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே யாரோ போலத் தோன்றியது.

பேருந்து நிலையத்தில் பேனா கொடுப்பது அவள் வேலை. வரிசையில் ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயதுக்கு மேல். தலையில் துணி. தோளில் குறுக்காக ஒரு தேய்ந்த தோல் பை. பல வருடம் கண்டக்டராக இருந்தவர் என்று அந்தப் பையைப் பார்த்ததுமே தெரிந்தது. கூட மகள் வந்திருந்தாள்.

கண்டக்டரம்மா பேனாவை வாங்கவில்லை. கன்ட்ரோலின் தலையைப் பார்த்தார். தன் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எத்தனை ஆச்சு?" என்றார்.

"ஆறு" என்றாள் கன்ட்ரோல்.

அது அவள் வாயின் பழக்கம். வண்டி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு அவள் எப்போதும் ஆறு நிமிடம் என்பாள். இரண்டு என்றால் பொய்யாகிவிடும். பத்து என்றால் மாடியிலிருந்து குதித்துவிடுவார்கள். ஆறு நிமிடம் யாராக இருந்தாலும் தாக்குப்பிடிப்பார்கள். பதறுகிற குரலில் யாராவது எண் கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வாள்.

"ஆறு கீமோவும் முடிச்சுட்டியா?"

இப்போதுதான் அவளுக்குக் கேள்வி புரிந்தது. அதற்குள் கண்டக்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டிருந்தார். தோல் பையின் வார் அவள் நெஞ்சில் அழுந்தியது.

"எனக்கும் ஆறுதான் சொன்னாங்க. மூணோட போதும், இறங்கிக்கறேன்னு சொல்லிட்டேன். நீ கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வந்து நிக்கற."

வரிசையில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியாக இருந்தால் ஒரு விநாடி இருங்கள் என்று பொத்தானை அழுத்தியிருக்கலாம். கன்ட்ரோல் ஆமென்று தலையை ஆட்டினாள்.

கண்டக்டரம்மா அன்று பெயர் எழுதவில்லை.

மூன்றாம் நாள் வண்டி ஒரு துணி ஆலையின் வாசலில் நின்றது. கண்டக்டரம்மா மகளோடு இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். பையிலிருந்து ஒரு தலைத்துணியை எடுத்துக் கன்ட்ரோலின் தலையில் தானே கட்டிவிட்டார்.

"வெயில்ல இப்படியா நிப்பாங்க? மண்டை வெந்துடும். சாயம் போகாது, நான் துவைச்சுப் பாத்துட்டேன்."

"எதுக்கும்மா இதெல்லாம்."

"சும்மா இரு. உன் பேரு எங்க இருக்கு?"

வலப்பக்கம் முழுவதும் தேடினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"எழுதலையா?"

"வேலையா இருந்துட்டேன்."

"முடிச்சவளே எழுதலைன்னா பாதியில நிக்கறவ எப்படி எழுதுவா? நீ எழுது. பக்கத்துல நான் எழுதறேன்."

ஏணி அந்தப் பக்கம் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது. எழுதினாள். ஐந்து எழுத்து. கண்டக்டரம்மா அதை ஒட்டித் தன் பெயரைப் பெரிதாக எழுதினார். கீழே ஒரு கோடு இழுத்தார்.

அவர் கை கழுவப் போனதும் மகள் கன்ட்ரோலை வண்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, நாலாவதுக்கு ஒத்துக்கிட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை. டாக்டர் கெஞ்சினாரு, நான் கால்ல விழுந்தேன். அசையல. உங்களைப் பாத்துட்டு வந்து அவங்களே போன் பண்ணி நாள் வாங்கினாங்க."

"நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு வரவே இல்ல. இது சும்மா போட்ட மொட்டை."

மகள் தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "முதல் நாளே தெரியும். உங்க தலையில ரெண்டு இடத்துல பிளேடு கீறி இருக்கு. அம்மாவுக்கு முடி தானா கொட்டுச்சு. அவங்க பாக்கல. பாக்க வேண்டாம்னு இருக்காங்களோ என்னவோ."

"அப்ப நீயே சொல்லேன்."

"மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. மூணு வாரத்துக்கு ஒண்ணு, இன்னும் மூணு இருக்கு. அவ்வளவுதான்."

"அதுக்குள்ள எனக்கு முடி வளந்துடும்."

"மழிச்சுக்கலாமே" என்றாள் மகள். கேட்கும்போது அவள் முகத்தில் வெட்கம் இல்லை. அவள் நான்கு மாதமாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள் என்று தெரிந்தது.

அன்று விடுதி அறையில் கன்ட்ரோல் தலையைத் தடவிப் பார்த்தாள். மணல் காகிதம்போல் முளைத்திருந்தது. கணவனுக்கு போன் செய்தாள். எதையும் சொல்லவில்லை. "என்ன, எப்ப வளருமாம்?" என்றான் அவன். தெரியவில்லை என்றாள்.

தினமும் சாயங்காலம் அன்றைக்கு எழுதிய பெயர்களின் மேல் நிலைய அதிகாரி வார்னிஷ் பூசுவார். மழையில் கரையக் கூடாது. வேறு யாரையும் பூச விடமாட்டார். பூசும்போது பெயர்களைப் படிக்க மாட்டார். காய்ந்த பிறகு ஒரு நாள் உட்கார்ந்து மொத்தமாகப் படிப்பார். ஐந்தாம் நாள் அப்படிப் படித்தார்.

இரண்டு டம்ளர் தேநீருடன் கன்ட்ரோலிடம் வந்தார். வண்டியின் பின் படியில் உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் அவர் அவளுக்குத் தேநீர் கொண்டுவந்ததில்லை.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"எது சார்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம். ஷிப்ட் மாத்திக் கொடுத்திருப்பேன். நான் இதெல்லாம் பாத்தவன்தானே." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "வீட்ல தெரியுமா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு என்று சொன்னதிலிருந்து மழித்துக்கொள்ளச் சொன்னது வரை. சொல்லி முடிக்கும்போது தேநீரில் ஆடை படிந்திருந்தது.

"பேரை அழி" என்றார் அதிகாரி.

"எப்படி சார்?"

அவர் யோசித்தார். "ஆமா. நான்தான் மேல வார்னிஷ் அடிச்சேன்."

தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் வார்னிஷ் ஒட்டியிருந்தது.

"அந்தப் பக்கம் எழுதணும்னு என் வீட்டுக்காரிக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? போன வருஷம் இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டப்பவே பேனா கூட வாங்கி வெச்சிருந்தா."

"தெரியாது சார்."

"தெரியாதுதான்." டம்ளரைக் கீழே வைத்தார். "புகைக்குள்ள போறவன்கிட்ட, சிலிண்டர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு நாம பொய் சொல்லுவோமா?"

"அவங்க உள்ள போகவே மாட்டேன்னாங்க சார். இப்பதான் போறேங்கறாங்க."

"போகட்டும். எவ்வளவு காத்து இருக்குன்னு தெரிஞ்சு போகட்டும்."

"தெரிஞ்சதும் போகலைன்னா?"

அதிகாரி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். எழுந்தார்.

"வெள்ளிக்கிழமை நம்ம வண்டியிலதான் கூட்டிட்டுப் போறோம். ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கறதுக்குள்ள நீ சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

சிகிச்சை நாளில் யாராவது கேட்டால் வண்டியில் ஏற்றி மருத்துவமனையில் கொண்டுபோய் விடுவது இந்தப் பயணத்தின் ஏற்பாடு. ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை, கண்டக்டரம்மா தன் தெருமுனையில் தயாராக நின்றார். தோல் பை, தலைத்துணி, கையில் ஒரு போர்வை. மகள் பின் இருக்கையில் ஏறினாள். கண்டக்டரம்மா முன்னால்தான் உட்காருவேன் என்றார்.

முன்னால் மூன்று இருக்கை. அதிகாரி வண்டி ஓட்டினார். சன்னல் ஓரம் கண்டக்டரம்மா. நடுவில் கன்ட்ரோல். நடு இருக்கைக்குக் கதவு கிடையாது. முழங்கால்களுக்கு நடுவே கியர் தண்டு. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அவள் காலை ஒடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பெல்ட் இறுக்கமாக இருந்தது, தளர்த்தும் கொக்கி துருப்பிடித்திருந்தது. முதுகுப் பக்கம் மகளின் முழங்கால்கள் இருக்கையை அழுத்தின.

"முப்பது வருஷம் நின்னுக்கிட்டே போனவ நான்" என்றார் கண்டக்டரம்மா. "முன் சீட்டுல உக்காந்தா ரோடு வேற மாதிரி தெரியுது. சைரன் அடிக்க மாட்டீங்களா சார்?"

"தீ இருந்தாத்தான்மா அடிக்கணும்."

"ஊசி ஏறினா உடம்பெல்லாம் எரியுமே, அது கணக்குல வராதா?"

அதிகாரி சிரித்துவிட்டார். உடனே நிறுத்திக்கொண்டார். சிக்னலில் வண்டி நின்றபோது கன்ட்ரோலைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் கண்டக்டரம்மா.

"ஆறு நிமிஷம்" என்றாள் கன்ட்ரோல்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அதிகாரி மறுபடியும் அவளைப் பார்த்தார். சிக்னல் பச்சைக்கு மாறியது.

ஒரு பாலம். ஒரு பள்ளிக்கூடம். வாசலில் பிள்ளைகள் ஊதா வண்டியைப் பார்த்துக் கையாட்டினார்கள். கண்டக்டரம்மா பதிலுக்குக் கையாட்டினார். மறு கை கன்ட்ரோலின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிப்பவர்களின் பிடி.

"அம்மா" என்றாள் கன்ட்ரோல்.

முதுகில் முழங்கால் பலமாக அழுந்தியது.

"சொல்லு."

"பெல்ட் இறுக்கமா இருக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் வேர்க்குது."

நான்காவது நிமிடத்திலேயே மருத்துவமனை வந்துவிட்டது. வாசலில் ஓர் ஊழியர் சக்கர நாற்காலியோடு நின்றார். அதிகாரி எஞ்சினை நிறுத்தினார். இறங்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன.

யாரும் கதவைத் திறக்கவில்லை. எஞ்சின் ஆறுகிற சத்தம் கேட்டது. பின்னால் மகள் மூச்சு விடுவதும் கேட்டது.

"சரி" என்றார் அதிகாரி, கண்ணாடியைப் பார்த்தபடியே. "ஒரு விஷயம் இருக்கு. இவ சொல்லுவா."

"சார், வேண்டாம்" என்றாள் மகள்.

கண்டக்டரம்மா ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். கதவின் கைப்பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. அதைத் திருகவும் இல்லை.

"அம்மா, நான்..." என்றாள் கன்ட்ரோல்.

"இரு. நான் முதல்ல கேட்டுடறேன். ராத்திரி பூரா இதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்." கன்ட்ரோலின் மணிக்கட்டில் அவர் பிடி இறுகியது. "நீ போயிட்டு வந்தவ. மறைக்காம சொல்லு கண்ணு, மூணாவதைவிட நாலாவது கஷ்டமா?"