பதினாறாம் நாள் கொடுத்த புத்தகம்

நூற்றைம்பது பிரதி அச்சடித்தேன். ஒன்பது வருஷம் கழித்துத் தேடினால் ஊரில் ஒன்றுகூட இல்லை. எரிச்சல் வருமா, வராதா?

என் மகள் முத்துசெல்வி பத்து வயதில் ஒரு கதை எழுதினாள். நோட்டை என்னிடம் நீட்டியபோது நான் தபால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன். "சாயங்காலம் பாக்குதேன்" என்றேன். பார்க்கவில்லை. தொண்ணூற்று நாலு ஆடியில் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த நோட்டைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே கோவில்பட்டிக்குக் கொண்டுபோய், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் கொடுத்தேன். சின்னப் பிள்ளைக்குப் பதினாறாம் நாள் விசேஷம் கிடையாது என்றார்கள். நான் யார் பேச்சைக் கேட்டேன்? பந்தியிலிருந்து எழுந்தவர்கள் கையிலெல்லாம் ஒரு புத்தகத்தைத் திணித்தேன். என் மனைவி செண்பகவல்லி அன்றைக்கே சொன்னாள்: "கருமாதி வீட்டுச் சாமானை எவ வீட்டுக்குள்ள ஏத்துவா? ஒரு வருசம் கழிச்சுக் கொடுங்க."

"புத்தகத்துக்கு என்னட்டி தீட்டு?" என்று அவள்மேல் விழுந்தேன்.

மிச்சமிருந்த பத்துப் பிரதியையும் நோட்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். போன ஐப்பசியில்தான், இனியாவது படித்துவிடுவோம் என்று துணிந்து திறந்தேன். கரையான் எனக்கு முந்திப் படித்து முடித்திருந்தது.

பெற்ற பிள்ளை என்ன எழுதினாள் என்றே தெரியாத அப்பன் நான். கடிதம் கொடுக்கிற வீட்டிலெல்லாம் கேட்டேன். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். மளிகைக்கடை நல்லக்கண்ணு மட்டும் வாயைத் திறந்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. கம்மாயில குளிச்சிட்டுக் கரையிலயே வச்சிட்டு வந்துட்டேன். எல்லாரும் அப்படித்தான். கரை முழுக்க மஞ்ச அட்டையாக் கிடந்துச்சு."

"என் பிள்ளை எழுதினதுய்யா!"

"தெரியும். அதான் யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னு ஓரமா வச்சேன்."

இவரை என்ன செய்வது? திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஆட்டுக்காரி பேச்சித்தாய் தோட்டத்து மோட்டார் ரூம்ல ஒண்ணு பாத்த ஞாபகம்."

முந்தின நாள் நல்ல மழை. பாதி வழியிலேயே கரிசல் மண் அப்பி சைக்கிள் சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தேன். மண்ணைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், அறுந்துபோன செருப்பையும் விடவில்லை. போன வேகத்தில் பேச்சித்தாயைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பிள்ளை புத்தகத்தை மோட்டார் ரூம்லயா போட்டு வச்சிருக்கே?"

"வீட்டுல மாமியா விடல. எறிய மனசு வரல. அதான் இங்கன வச்சுப் படிப்பேன்" என்றாள். எட்டாவது வரை படித்தவள். ஓட்டு இடுக்கிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அட்டை மடங்கக்கூட இல்லை.

"கொண்டு போறேன்."

"அது மட்டும் கூடாது அண்ணாச்சி. கருமாதிக்குக் கொடுத்ததைக் கொடுத்த வீட்டுக்கே திருப்பக் கூடாது. இங்கனயே படிங்க."

அவளோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நின்றபடியே படித்தேன்.

ஒரு ஊரில் ஒரு ராஜா. மழை பெய்தால் மழையைத் திட்டுவார். பெய்யாவிட்டால் மேகத்தைத் திட்டுவார். செருப்பு அறுந்தால் செருப்பைத் திட்டுவார். மந்திரிகள் நடுங்குவார்கள். இளவரசிக்கு மட்டும் பயமே கிடையாது. கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'ராஜாவுக்கு வந்தது கோபம் இல்லை, பசி. அது இளவரசிக்கு மட்டும்தான் தெரியும். ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தால் சரியாகிவிடும்.'

அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தேன். அழுகை வருகிற நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்து தொலைக்கும்.

"தினமும் இந்தப் பக்கம்தானே வாரேன்? ஒன்பது வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று சுவர் அதிரக் கத்தினேன்.

பேச்சித்தாய் பயப்படவே இல்லை. கஞ்சித் தூக்கைத் திறந்து, கடித்துக்கொள்ள வைத்திருந்த கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்து என் முன்னால் நீட்டினாள்.